பாரத ரத்னாவுக்கு மனு போட முடியுமா?

மறைந்த தலைவர் ஒருவருக்குப் பாரத ரத்னா தரச் சொல்லி உங்கள் ஊரில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த மனு யாரிடம் போகும், எந்தக் குழு பரிசீலிக்கும், கிடைத்தால் குடும்பத்துக்கு என்ன வரும், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழு பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. குழு என்று எதுவும் இல்லை.

பிரதமர் ஒரு பெயரைக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கிறார். குடியரசுத் தலைவர் ஒப்புக்கொள்கிறார். நடைமுறை அவ்வளவுதான். இன்னாருக்கு எப்போது கொடுப்பீர்கள் என்று நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் உள்துறை அமைச்சகம் வருஷக்கணக்காக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறது: பல தரப்பிலிருந்தும் கோரிக்கைகள் வருகின்றன, ஆனால் இந்த விருதுக்கு முறையான பரிந்துரை எதுவும் தேவையில்லை, முடிவு அவ்வப்போது எடுக்கப்படும். இதில் மழுப்பல் இருக்கிறது. ஆனால் பொய் இல்லை.

பத்ம விருதுகளோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அங்கே நடைமுறை இருக்கிறது. யாரும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளவும் தடையில்லை. அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஆண்டுதோறும் ஒரு குழுவைப் பிரதமர் அமைக்கிறார். உள்துறைச் செயலர், குடியரசுத் தலைவரின் செயலர், வெளியிலிருந்து நான்கு முதல் ஆறு பிரமுகர்கள் அதில் இருப்பார்கள். குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் பட்டியல் வரும். மறைந்தவர்கள், வெளிநாட்டினர், வெளிநாடுவாழ் இந்தியர் நீங்கலாக ஆண்டுக்கு 120 பேர் என்று உச்ச வரம்பும் உண்டு. பாரத ரத்னாவுக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, கடைசித் தேதி கிடையாது, ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 2001இல் லதா மங்கேஷ்கருக்கும் பிஸ்மில்லா கானுக்கும் கொடுத்த பிறகு, பீம்சேன் ஜோஷியின் பெயர் 2008 நவம்பரில் அறிவிக்கப்படும்வரை யாருக்கும் இல்லை. 2020 முதல் 2023 வரையும் இல்லை.

ஆண்டுக்கு மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது என்று உள்துறை சொல்லும் வரம்பு ஒன்று உண்டு. 1999இல் நான்கு பேருக்குக் கொடுத்தார்கள். 2024இல் ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். வரம்பின் பலம் அவ்வளவுதான்.

இந்த விருது 1954 ஜனவரி 2இல் குடியரசுத் தலைவரின் செயலகம் வெளியிட்ட அறிவிக்கையால் பிறந்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. முதல் ஆண்டு மூன்று பேர்: ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன். மூவரும் நம் பக்கத்து மனிதர்கள் என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு, அதை நான் கெடுக்க வரவில்லை. ஆனால் ராதாகிருஷ்ணன் அப்போது பதவியில் இருந்த குடியரசுத் துணைத் தலைவர். 1957இல் கோவிந்த வல்லப பந்துக்குக் கிடைத்தபோது மத்திய உள்துறை அமைச்சர் அவரேதான். அபுல் கலாம் ஆசாத் மட்டும், தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் தாங்களே வாங்கிக்கொள்வது முறையில்லை என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அவருக்கு 1992இல், காலமாகி 34 ஆண்டுகள் கழித்துக் கொடுத்தார்கள்.

நேரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் "தனக்குத் தானே பாரத ரத்னா கொடுத்துக்கொண்டவர்" என்ற வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். 1955 ஜூலையில் சோவியத் ஒன்றியத்துக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட்டு நேரு திரும்பினார். ஜூலை 15 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் நடந்த விருந்தில், நேருவுக்குப் பாரத ரத்னா வழங்குவதாக ராஜேந்திர பிரசாத் அறிவித்தார். என் பிரதமரின் பரிந்துரையோ ஆலோசனையோ இல்லாமல் நானே செய்கிறேன், இது அரசியல் சட்ட முறைக்கு ஒவ்வாதது என்று சிலர் சொல்லக்கூடும் என்பதையும் அங்கேயே அவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் தொடங்கிப் பல விஷயங்களில் நேருவோடு முட்டிக்கொண்டவர் பிரசாத். எனவே இது ஒருவருக்கொருவர் முதுகு சொறிந்துகொண்ட கதை என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதே நேரம், பதவியில் இருக்கும் பிரதமர் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். மறுத்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருந்திருக்கும். 1971இல், வங்கதேசப் போர் நடந்த ஆண்டில், இந்திரா காந்திக்கு வந்தது. அப்போது குடியரசுத் தலைவர் வி.வி. கிரி. 1975இல் கிரிக்கு வந்தது. அப்போது பிரதமர் இந்திரா.

அந்த நெருக்கடிநிலைக் காலம் முடிந்து வந்த மொரார்ஜி தேசாய் அரசு, 1977 ஜூலையில் பாரத ரத்னா, பத்ம விருதுகள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. அரசு விருதே மக்களாட்சிக்கு ஆகாது என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் சிலருக்கு உண்மையாகவே இருந்தது. அதற்கு முன்பே ஆச்சார்ய கிருபளானி இவற்றை ஒழிக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்து தோற்றிருந்தார். 1980 ஜனவரி 25இல், ஆட்சிக்குத் திரும்பிய சூட்டோடு இந்திரா மறுபடி உயிர் கொடுத்தார், அவ்வாண்டு அன்னை தெரசாவுக்குக் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விருதை நிறுத்திய மொரார்ஜிக்கே 1991இல் பாரத ரத்னா வந்தது. அவரும் வாங்கிக்கொண்டார்.

மறைந்தவருக்குக் கொடுக்கலாமா என்பது உங்கள் மனுவுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 1954 விதியில் அதற்கு இடமில்லை. 1955 ஜனவரியில் திருத்தி இடம் கொடுத்தார்கள். முதலில் அப்படிப் பெற்றவர் லால் பகதூர் சாஸ்திரி, 1966இல், தாஷ்கண்டில் இறந்த அதே ஆண்டில். இறந்து எத்தனை ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்று வரையறை இல்லாததால் கதவு இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கிறது. 1946இல், நாடு விடுதலை அடைவதற்கு முன்பே இறந்துவிட்ட மதன் மோகன் மாளவியாவுக்கு 2014 டிசம்பரில் அறிவித்தார்கள். இப்படிப் பின்னோக்கிப் போக ஆரம்பித்தால் பாரதியார் ஏன் இல்லை, வ.உ.சி. ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

இங்கேதான் நான் எப்போதும் சொல்வது: பாரத ரத்னாப் பட்டியலைப் பெயரை வைத்துப் படிக்காதீர்கள், தேதியை வைத்துப் படியுங்கள். நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

காமராஜர் 1975 அக்டோபர் 2 அன்று காலமானார். அப்போது அவர் இந்திராவுக்கு எதிரான ஸ்தாபன காங்கிரஸில் இருந்தார், நெருக்கடிநிலையால் மனம் நொந்துபோயிருந்தார். 1976இல் அவருக்குப் பாரத ரத்னா கொடுத்தது அதே இந்திரா அரசு. அந்த ஆண்டு ஜனவரி 31இல் தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. பிப்ரவரியில் மூப்பனார் தலைமையில் இங்கிருந்த ஸ்தாபன காங்கிரஸின் பெரும்பகுதி இந்திரா காங்கிரஸில் இணைந்தது. மதிய உணவும் பள்ளிக்கூடமும் கொடுத்த மனிதருக்கு எந்தத் தேதியில் கொடுத்தாலும் தகும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அந்தத் தேதியில் ஏன் என்று கேட்டால் விடை தகுதியில் இல்லை.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24இல் மறைந்தார். 1988இல், ராஜீவ் காந்தி அரசு அவருக்குப் பாரத ரத்னா அளித்தது. அப்போது அதிமுக ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்து கிடந்தது. மாநிலம் அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் ஆட்சிக்குப் போனது, தேர்தல் வரவேண்டியிருந்தது. எம்.ஜி.ஆருக்கான கண்ணீர் நம் பக்கம் திரும்பாதா என்ற கணக்கு காங்கிரஸுக்கு இருந்தது என்று அன்றைக்கே வெளிப்படையாக எழுதினார்கள். 1989 ஜனவரித் தேர்தலில் காங்கிரஸ் தனியாக நின்றது, கருணாநிதி முதல்வரானார். விருது ஓட்டாக மாறவில்லை. எம்.ஜி.ஆர். தகுதியானவரா என்று நான் சண்டைக்கு வரமாட்டேன், வந்தால் வீட்டிலேயே சோறு கிடைக்காது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: எம்.ஜி.ஆருக்கு 1988, அம்பேத்கருக்கு 1990, வல்லபபாய் படேலுக்கு 1991. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர், இறந்து 34 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. வி.பி. சிங் பிரதமரான பிறகுதான் அது நடந்தது.

இந்தக் கண்ணோட்டத்தில் 2024ஐப் பாருங்கள். ஜனவரி 23 அன்று பீகாரின் முன்னாள் முதல்வர் கர்பூரி தாக்கூரின் பெயர் வந்தது. ஜனவரி 28 அன்று அம்மாநில முதல்வராக இருந்த நிதிஷ் குமார் அணி மாறி பாஜகவோடு சேர்ந்தார். பிப்ரவரி 3 அன்று அத்வானி. பிப்ரவரி 9 அன்று ஒரே நாளில் சரண் சிங், நரசிம்ம ராவ், எம்.எஸ். சுவாமிநாதன். சரண் சிங்கின் பேரன் ஜெயந்த் சௌத்ரியின் கட்சி அடுத்து பாஜக கூட்டணிக்கு வந்தது. மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள்தான் பாக்கி. பெரும்பாலான அறிவிப்புகள் பிரதமரின் சமூக வலைதளப் பக்கத்தில்தான் முதலில் வந்தன. இவர்களில் கர்பூரி தாக்கூர் நிஜமாகவே மறக்கப்பட்டிருந்தவர். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டைப் பீகாரில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்காக ஆட்சியையே இழந்தவர். கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன் 2023 செப்டம்பரில்தான் மறைந்தார். 98 வயது வரை உயிரோடு இருந்தவருக்குக் கையில் கொடுக்காமல் காத்திருந்தது ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மார்ச் 30இல் டெல்லியில் நடந்த விழாவில் அவருடைய மகள் நித்யா ராவ் பெற்றுக்கொண்டார். அத்வானிக்கு மட்டும் மறுநாள் குடியரசுத் தலைவர் முர்மு அவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தார். 2015இல் வாஜ்பாய்க்கும் பிரணாப் முகர்ஜி அப்படித்தான் வீட்டில் போய்க் கொடுத்தார்.

எல்லாமே ஓட்டுக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் அதுவும் நியாயமில்லை. 1998இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கொடுத்ததில் யாருக்கு என்ன லாபம்? இசைக்காக அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அதே ஆண்டு சி. சுப்பிரமணியம். கோதுமைப் புரட்சியின்போது உணவு அமைச்சராக இருந்து விமர்சனங்களைத் தாங்கியவர், அதற்குள் அரசியலிலிருந்தே ஒதுங்கியிருந்தார். 1997இல் அப்துல் கலாமுக்குக் கிடைத்தபோது அவர் குடியரசுத் தலைவராவார் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. 1958இல் விதவைப் பெண்களின் கல்விக்காக வாழ்ந்த தோண்டோ கேசவ் கார்வேக்குக் கொடுத்தபோது அவருக்கு வயது 100. பட்டியலில் பெண்கள் ஐந்தே பேர்: இந்திரா, தெரசா, அருணா ஆசஃப் அலி, எம்.எஸ்., லதா. 2024 வரை மொத்தம் 53 பேர் என்பதை வைத்துப் பார்த்தால் இது வெட்கக்கேடுதான்.

துறை பற்றி ஒரு வரி. தொடக்கத்தில் கலை, இலக்கியம், அறிவியல், பொதுச்சேவை என்றுதான் விதி இருந்தது. 2011இல் 'மனித முயற்சியின் எந்தத் துறையும்' என்று மாற்றினார்கள். விளையாட்டுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். ஹாக்கி ரசிகர்கள் தயான் சந்துக்கு என்று காத்திருக்க, 2013 நவம்பர் 16 அன்று, வான்கடேயில் கடைசி டெஸ்டை முடித்துக்கொண்டு சச்சின் தழுதழுத்த அதே நாளில், அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கே அறிவிக்கப்பட்ட விஞ்ஞானி சி.என்.ஆர். ராவின் பெயர் பாதிப் பேருக்குக் காதில் விழவே இல்லை.

இனி சட்டம். அரசியல் சட்டத்தின் 18ஆவது பிரிவு, ராணுவ, கல்வித் தகுதிகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. ராவ் பகதூர், திவான் பகதூர் காலத்துக்கு முழுக்குப் போடத்தான் அந்தப் பிரிவு. அப்படியிருக்கப் பாரத ரத்னா எப்படிச் செல்லும் என்று கேரளத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் உயர் நீதிமன்றங்களுக்கு வழக்கு போனது. 1992க்குப் பிறகு தீர்ப்பு வரும்வரை யாருக்கும் பாரத ரத்னா இல்லாமல் போனதற்கு இந்த வழக்குதான் காரணம். 1995 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பாலாஜி ராகவன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இவை 18ஆவது பிரிவு தடுக்கும் பட்டங்கள் ஆகாது, சிறப்புக்கு அங்கீகாரம் கொடுப்பதைச் சமத்துவம் தடுக்கவில்லை. ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டிக்கொண்டால் விருதையே இழக்க நேரிடும். தேர்வுக்கான வழிகாட்டுதல் மிகவும் தளர்வாக இருக்கிறது, உயர்மட்டக் குழு ஒன்று அமைத்து ஒழுங்குபடுத்துங்கள் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். பாரத ரத்னாவுக்கான நடைமுறை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆக, 'பாரத ரத்னா இன்னார்' என்று எழுதுவது முறைப்படி தவறு. விருது பெற்றவர் வேண்டுமானால் தன் கடிதத் தாளிலோ விசிட்டிங் கார்டிலோ 'குடியரசுத் தலைவரால் பாரத ரத்னா வழங்கப்பட்டவர்' என்றோ 'பாரத ரத்னா விருது பெற்றவர்' என்றோ குறிப்பிட்டுக்கொள்ளலாம் என்று உள்துறை சொல்கிறது. நம் ஊர் சுவரொட்டிகளில் இந்த விதி ஒருநாளும் மதிக்கப்பட்டதில்லை. மூலைக்கு மூலை 'பாரத ரத்னா' என்றுதான் தொடங்கும். அதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை, அதுவும் நல்லதுதான், போனால் அச்சகங்கள் தாங்காது.

அறிவிப்பு வேறு, வழங்குவது வேறு என்பதற்கு சுபாஷ் சந்திர போஸ் விவகாரத்தைவிட நல்ல பாடம் இல்லை. 1992 ஜனவரியில், அவருக்கு 'மரணத்துக்குப் பின்' பாரத ரத்னா என்று செய்திக்குறிப்பு வந்தது. அவர் இறந்துவிட்டார் என்று எந்த ஆதாரத்தில் முடிவு செய்தீர்கள் என்று வழக்கு வந்தது, குடும்பத்தாரும் ஏற்க மறுத்தார்கள். விருது என்றால் குடியரசுத் தலைவரின் பதிவேட்டில் ஏற வேண்டும், அரசிதழில் வெளியாக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கடைசியில் 1997 ஆகஸ்டில், அந்தச் செய்திக்குறிப்பு ரத்தானதாகக் கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. இன்றைய பட்டியலில் நேதாஜி பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஏன் கொடுத்தீர்கள், ஏன் கொடுக்கவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்டு விடை வாங்கலாமா? கஷ்டம். அமைச்சர்கள் குடியரசுத் தலைவருக்கு என்ன ஆலோசனை சொன்னார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 74ஆவது பிரிவு சொல்கிறது. காந்திக்கு ஏன் பாரத ரத்னா இல்லை என்று 2020இல் ஒரு வழக்கு போனபோது, அவர் இந்த அங்கீகாரத்துக்கெல்லாம் மிக உயரத்தில் இருப்பவர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது.

குடும்பத்துக்கு என்ன வரும்? பணம் ஒரு பைசா கிடையாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட 'சனத்' என்ற சான்றிதழும் ஒரு பதக்கமும் வரும். 1954இல் 35 மில்லிமீட்டர் வட்டத் தங்கப் பதக்கமாகத் திட்டமிட்டு, அடுத்த ஆண்டே அரச இலை வடிவத்துக்கு மாற்றினார்கள். கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், பிளாட்டினம் விளிம்பு, நடுவில் கதிர் விரிக்கும் பிளாட்டினச் சூரியன், அடியில் தேவநாகரியில் விருதின் பெயர், மறுபக்கம் அசோகச் சின்னம். இரண்டு அங்குல வெள்ளை நாடாவில் கழுத்தில் அணிய வேண்டும். செய்வது கொல்கத்தா நாணயச் சாலை. உயிரோடிருப்பவர் என்றால் அரசு விழாக்களின் வரிசை முறையில் 7ஏ என்ற இடம் உண்டு. மத்திய கேபினட் அமைச்சர்கள், முன்னாள் பிரதமர்களுக்கு அடுத்து, அயல்நாட்டுத் தூதர்களுக்கு முன்னால். மறைந்தவரின் குடும்பத்துக்கு அந்த இடம் வராது.

உங்கள் மனுவைப் பிரதமர் அலுவலகத்துக்கும் உள்துறை அமைச்சகத்துக்கும் அனுப்பலாம், வாங்கிக்கொள்வார்கள். எத்தனை ஆயிரம் கையெழுத்து இருந்தாலும் அதற்கு மேல் சட்டப்படி அதற்கு எடை கிடையாது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குக் கேட்டுத் தமிழக அமைச்சரவையே தீர்மானம் போட்டது. 2018 ஆகஸ்டில் கருணாநிதிக்குக் கேட்டு மாநிலங்களவையில் திருச்சி சிவா பேசினார். இரண்டும் அப்படியே கிடக்கின்றன. கையெழுத்து வாங்கும் நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: மனுவோடு நேரத்தை வீணாக்காமல், உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் கூட்டணியில் இருக்கிறார், அடுத்த தேர்தல் எப்போது என்று பார்த்து அவரைப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள்.